மேகத்தில் ஒரு பெட்டகம்: சாவி யாரிடம்?

மாணவியரே, உங்களில் "க" பாஷை பேசத் தெரியாதவர் எவரேனும் உண்டா? ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு "க" சேர்த்து, "நீ வா" என்பதைக் "கநீ கவா" என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் நிற்கும் தம்பிக்கு ஒன்றுமே விளங்காது என்று நம்பிப் பேசுகிறோம். தம்பிக்கு விளங்க இரண்டு நாள் போதும். விளங்கிவிட்ட பிறகோ அந்தப் பாஷையில் எந்த இரகசியமும் தங்காது. ஏனெனில் இரகசியம் முழுவதையும் நாம் முறைக்குள்ளேயே வைத்திருந்தோம். முறை வெளிப்பட்டதும் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது.

இந்தக் குறையை 1883ஆம் ஆண்டிலேயே எடுத்துச் சொன்னவர் ஓகுஸ்த் கெர்க்காஃப்ஸ் என்பவர். நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த இவர் ஒரு மொழி ஆசிரியர் (கணிதம்தான் உயர்ந்தது என்று எண்ணும் மாணவியர் கவனிக்க!). சங்கேத முறை பகைவன் கையில் சிக்கினாலும் கேடு விளையக் கூடாது, சாவி மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. பூட்டின் அமைப்பை ஊரார் எல்லாரும் அறிந்திருக்கலாம். திறவுகோல் நம்மிடம் இருந்தால் போதும்.

இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள பூட்டின் பெயர் ஏ.இ.எஸ். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர் அமைத்த இம்முறையை அமெரிக்க அரசு 2001இல் தரமுறையாக ஏற்றது. இதன் அமைப்பில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. எந்த மாணவியும் படித்துப் பார்க்கலாம். சாவி என்பது ஒரு நீண்ட எண். மிகச் சிறிய சாவியிலேயே 0, 1 என்னும் இலக்கங்கள் 128 இருக்கும். அப்படியானால் இருக்கக்கூடிய சாவிகள் எத்தனை? இரண்டை 128 முறை பெருக்கிப் பாருங்கள். 39 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். ஒரு விநாடிக்கு ஒரு இலட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் கணிப்பொறி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாச் சாவிகளையும் அது போட்டுப் பார்த்து முடிக்க, பிரபஞ்சத்தின் வயதைப்போல் ஏறத்தாழ 78 கோடி மடங்கு காலம் ஆகும்! இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் நாம் பேசப்போகும் மனக்கசப்புகளுக்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது.

"கிளவுட்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் படங்கள் வானத்தில் எங்கோ மிதக்கின்றன என்று சிறுமியர் எண்ணக்கூடும். அவை தரையில்தான் இருக்கின்றன. பெரிய கட்டடங்கள், வரிசை வரிசையாகக் கணிப்பொறிகள், அவற்றைக் குளிர வைக்க இடைவிடாது ஓடும் இயந்திரங்கள், மின்சாரம் நின்றால் கைகொடுக்க ஜெனரேட்டர்கள்: இவை சேர்ந்ததே அந்த மேகம். நம் கைப்பேசியிலுள்ள படமும் கடிதமும் அங்கே ஒரு பிரதியாகப் போய்ச் சேருகின்றன. கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் படம் பிழைத்துக்கொள்கிறது.

வழக்கமான சேமிப்பு நிறுவனங்கள் அனுப்பும் வழியிலும், சேர்த்து வைக்கும் இடத்திலும் நம் கோப்புகளைப் பூட்டித்தான் வைக்கின்றன. ஆனால் சாவி அவர்களிடமே இருக்கிறது. அதனால் நமக்குப் பல வசதிகள். பாஸ்வேர்டை மறந்துவிட்டால் புதியது தருவார்கள். "கடற்கரை" என்று தேடினால் கடற்கரைப் படங்களை எடுத்துக் காட்டுவார்கள். அதே சாவியால் வரும் ஆபத்தும் உண்டு. 2011 ஜூன் 19 அன்று டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் நிரலில் நேர்ந்த ஒரு பிழையால், ஏறத்தாழ நான்கு மணி நேரம் எவருடைய கணக்கையும் எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தும் திறக்க முடிந்தது. கதவைத் திறந்துவிடும் அதிகாரம் காவலாளியிடம் இருக்கையில், அவர் கண்ணயர்ந்தால் வீடு திறந்த வீடுதான். அடுத்து 2013 ஜூனில், அமெரிக்க உளவுத்துறை பெரிய நிறுவனங்களிடமிருந்து மக்களின் தரவுகளைப் பெற்றுவந்த விவரத்தை எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்டார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் வேறு வகைப் பெட்டகத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

அந்த வேறு வகைப் பெட்டகம் சுவிட்சர்லாந்தின் வுவாலா, அமெரிக்காவின் ஸ்பைடர்ஓக் போன்ற நிறுவனங்களிடம் முன்னரே இருந்தது. நியூசிலாந்தின் மெகா 2013இல் தொடங்கியது; டிரெசோரிட், புரோட்டான் ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு. இவற்றின் முறையைப் பெற்றோரும் புரிந்துகொள்ளும்படி சொல்கிறேன். நாம் தட்டும் பாஸ்வேர்டை நம் கைப்பேசியே ஆயிரக்கணக்கான முறை கலக்கி, அதிலிருந்து ஒரு சாவியை உண்டாக்குகிறது. கோப்பு வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே துண்டுதுண்டாக வெட்டப்பட்டுப் பூட்டப்படுகிறது. நிறுவனத்திற்குப் போய்ச் சேர்வது பொருளற்ற எண்களின் குவியல் மட்டுமே. சாவி போவதில்லை, பாஸ்வேர்டும் போவதில்லை.

இங்கே நம் திருச்சபையில் நாம் அறிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியிடுவதில்லை. பிராகா நகரில் 1393இல் அரசனின் ஆணையால் ஆற்றில் எறியப்பட்டு மாண்ட நெப்போமுக் புனித அருளப்பர், அரசியின் பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காத்ததற்காகவே உயிர் நீத்தார் என்பது மரபு. அங்கே குருவானவருக்குத் தெரியும்; தெரிந்தும் சொல்லமாட்டார். அவரது மனவுறுதியே பூட்டு. இந்தப் புதிய பெட்டகத்திலோ காவலாளிக்கு எதுவும் தெரியாது. கெட்டவனும் அங்கே வேலை பார்க்கலாம். அவனாலும் ஒன்றைச் சொல்ல இயலாது. மனிதரின் நற்பண்பை நம்பாமல் கணக்கை நம்பும் ஏற்பாடு இது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், காவலாளி யார் என்றே தெரியாத இடத்தில் நல்லது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை பெரிது. அந்த விலையை வாடிக்கையாளர் பெரும்பாலும் பின்னால்தான் அறிகிறார்.

பாஸ்வேர்டு மறந்துபோவது உலக வழக்கம். சாதாரணச் சேவையில் "மறந்துவிட்டேன்" என்ற இடத்தைத் தொட்டால் இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்தது. இங்கேயும் அந்தப் பொத்தான் இருக்கும். தொட்டால் புதிய பாஸ்வேர்டும் கிடைக்கும், கணக்கு திறக்கும், உள்ளே பழைய கோப்புகள் மட்டும் திறக்கா. ஏனெனில் அவை பழைய பாஸ்வேர்டிலிருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்டவை. மெகாவில், மீட்புச் சாவியைப் பத்திரப்படுத்தாதவருக்கு மிஞ்சுவது வெறும் கணக்கு. புதிதாகத்தான் தொடங்க வேண்டும். புரோட்டானில் 12 சொற்கள் கொண்ட மீட்புத் தொடர் ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் வசதி உண்டு. அதை எழுதி வைத்தவர் பிழைத்தார்.

எழுதி வைக்காதவர்? தாயார் இறந்துபோன ஆண்டில் எடுத்த படங்களெல்லாம் அந்தப் பெட்டகத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் நிறுவனத்திற்கு எழுதுகிறாள். அடையாள அட்டையைக் காட்டுகிறாள், பணம் கட்டிய இரசீதைக் காட்டுகிறாள், இறப்புச் சான்றிதழையும் அனுப்புகிறாள். உதவிப் பிரிவில் இருப்பவர் உண்மையிலேயே இரக்கப்படுகிறார்; ஆனாலும் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வங்கி லாக்கரில் சாவி தொலைந்தால், செலவை நம்மிடம் வாங்கிக்கொண்டு, நம் கண் முன்னே பூட்டை உடைத்துத் தருவார்கள். இந்தப் பூட்டை உடைக்க வேண்டுமானால் மேலே சொன்ன 78 கோடி பிரபஞ்ச காலம் வேண்டும். திருடனைத் தடுத்த அதே கணக்கு மகளையும் தடுக்கிறது. அதற்குத் திருடன் யார், மகள் யார் என்று தெரியாது.

இந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். சில கணிப்பொறி வல்லுநர்கள், "படிக்காமல் சேர்ந்தது அவர் குற்றம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விளம்பரத்தில் "மிகவும் பாதுகாப்பானது, மிகவும் எளிது" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, "பாஸ்வேர்டு போனால் எல்லாம் போகும்" என்பதை எறும்பு எழுத்தில் போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டல்லவா? பூட்டு குற்றவாளி அல்ல. பூட்டை விற்ற விதத்தில்தான் குற்றம்.

மற்ற முறையீடுகளுக்கு வருவோம். "படங்களைச் சிறியதாக வரிசையாகக் காட்டுவதில்லை, தேடினால் கிடைப்பதில்லை, ஏற்றுவதற்கு நேரமாகிறது, கைப்பேசி சூடாகிறது." இவற்றைக் கேட்கும்போது நாம் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: இது கணக்கு விதித்த தடையா, நிறுவனத்தின் சோம்பலா? இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். பிரித்தெடுப்பது அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை.

சேமிக்கும் இடத்திலுள்ள கணிப்பொறிக்குக் கோப்பின் உள்ளடக்கம் தெரியாது. ஆகையால் அது சிறு படம் தயாரிக்காது, சொல்லைத் தேடித் தராது. எல்லா வேலையையும் நம் கையிலுள்ள கருவியே செய்தாக வேண்டும். அதனால்தான் சூடு, அதனால்தான் தாமதம். இதுவரை கணக்கு. ஆனால் கருவியே சிறு படம் தயாரித்து, அதையும் பூட்டி அனுப்பலாமே? கருவிக்குள்ளேயே ஒரு தேடல் அட்டவணையைக் கட்டிக்கொள்ளலாமே? முடியும், புரோட்டான் நிறுவனம் தன் மின்னஞ்சலில் அவ்வாறே தேடும் வசதியைத் தந்திருக்கிறது. எனவே "எங்களால் உள்ளே பார்க்க இயலாது, ஆதலால் தேடல் இல்லை" என்று ஒருவர் கைவிரித்தால், முதற்பாதி உண்மை. பிற்பாதி வேலையைத் தள்ளிப்போடுதல்.

அதே புரோட்டானின் டிரைவ் சேவை 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விண்டோஸ், மாக் கணிப்பொறிகளில் கோப்புகளைத் தானாகவே ஒத்திசைக்கும் செயலிகள் 2023இல்தான் வந்தன. அதுவரை கணிப்பொறியிலிருந்து வலைப்பக்கத்தின் வழியே ஏற்ற வேண்டியிருந்தது. லினக்ஸ் வைத்திருந்தவர்கள் அதற்குப் பின்னும் காத்திருந்தார்கள். தனிமை பேணுவதில் மிகுந்த அக்கறை கொண்டு, பிறருக்கும் இச்சேவையைப் பரிந்துரைத்தவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பது வேடிக்கை! இந்தத் தாமதத்தில் கணிதத்தின் பங்கு ஏதுமில்லை. சிறிய நிறுவனம், குறைந்த ஆட்கள், பல வேலைகள்: இதுதான் காரணம். விளம்பர வருமானம் இல்லாமல் சந்தாவை மட்டும் நம்பி நடப்பவர்களிடம் பெரிய நிறுவனங்களின் ஆள்பலத்தை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. ஆயினும் சந்தா கட்டியவர் கேட்கத்தான் செய்வார்.

மக்களுக்கு இந்தப் பூட்டுகள் கைவராமை புதிய செய்தியுமல்ல. பில் ஜிம்மர்மன் என்பவர் 1991இல் பி.ஜி.பி. என்னும் சங்கேத நிரலை உலகுக்கு அளித்தார். 1999இல் ஆல்மா விட்டன், டக் டைகர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், மின்னஞ்சல் நன்கு பழகிய 12 பேரிடம் அந்த நிரலைக் கொடுத்து, 90 நிமிட அவகாசத்தில் ஓர் இரகசியச் செய்தியைப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரே சரியாக முடித்தார்கள். மூன்று பேர் இரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள்! பூட்டியதாக நினைத்துக்கொண்டு திறந்து அனுப்புவது, பூட்டே இல்லாததைவிடக் கேடானது. பூட்டு எவ்வளவு உறுதியானது என்று அளக்கிறவர்கள், அதைப் பூட்டுகிறவரின் கையையும் அளக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆராய்ச்சிக்குப் பிறகே வலுப்பெற்றது.

வுவாலாவின் கதை வேறு விதமானது. ஜூரிக் நகரிலுள்ள சுவிஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சியில் முளைத்த அந்தச் சேவையை 2009இல் லாசி என்னும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2015 ஆகஸ்டில் "மூடப்போகிறோம்" என்ற அறிவிப்பு வந்தது. நவம்பர் 15 அன்று எல்லாம் அழிக்கப்பட்டது. மூன்று மாதம் போதாதா என்று கேட்பீர்கள். சாதாரணச் சேவையாயின் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாற்றிவிடலாம். பூட்டிய பெட்டகத்தை அவ்வாறு மாற்ற முடியாது. எல்லாவற்றையும் முதலில் வீட்டுக்கு இறக்க வேண்டும், திறக்க வேண்டும், புதிய சாவியால் பூட்ட வேண்டும், மறுபடியும் ஏற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 ஜிகாபைட் தரவை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இறக்க 80,000 விநாடி, அதாவது 22 மணி நேரத்திற்கு மேல். ஏற்றுவதற்கும் அவ்வளவு, வீட்டு இணைப்புகளில் ஏற்றும் வேகம் பெரும்பாலும் குறைவாதலால் இன்னும் கூடுதல். இடையில் நோயில் படுத்திருந்தவர், பயணத்தில் இருந்தவர், அறிவிப்பே காணாதவர் நிலை என்ன?

இத்தனை சிரமங்களையும் பொறுத்துக்கொண்டவர் ஒரு நம்பிக்கையின் பேரில் பொறுத்தார்: "நிறுவனத்தாலும் பார்க்க இயலாது." அந்த நம்பிக்கையிலேயே ஓட்டை விழுந்தபோதுதான் கோபம் உச்சத்தை எட்டியது. 2022இல் அதே சுவிஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், மெகா நிறுவனமே கெட்ட எண்ணம் கொண்டால், வாடிக்கையாளர் 512 முறை உள்நுழைவதற்குள் அவருடைய அந்தரங்கச் சாவியைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று காட்டினார்கள். அப்படி எவரும் செய்ததாக அவர்கள் சொல்லவில்லை. செய்ய வழி இருந்தது என்று காட்டினார்கள். நிறுவனமும் திருத்தம் செய்தது. 2024இல் அதே கழகத்தார் சிங்க், பீகிளவுட், ஐஸ்டிரைவ், சீஃபைல், டிரெசோரிட் ஆகிய ஐந்தையும் சோதித்தார்கள். டிரெசோரிட்டில் கண்டவை ஒப்பளவில் சிறியவை. மற்றவற்றில் கடுமையான குறைகள். ஏ.இ.எஸ். என்னும் பூட்டு எங்குமே உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டைக் கதவில் பொருத்திய முறையில்தான் பிசகு.

அரசுகளும் குறுக்கே வருவதுண்டு. ஆப்பிள் நிறுவனம் 2022 டிசம்பரில், விரும்புகிறவர்கள் தங்கள் சேமிப்பின் பெரும்பகுதிக்குத் தாங்களே சாவி வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில், பிரிட்டிஷ் அரசின் வற்புறுத்தலைத் தொடர்ந்து, அந்நாட்டில் புதிதாகச் சேர்வோருக்கு அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. கேட்டுப் பெற்ற பூட்டு இருக்குமா இருக்காதா என்பது நாட்டைப் பொறுத்ததாகிவிட்டது.

இனி, அந்த மகளின் கண்ணீருக்கு வழியே இல்லையா? உண்டு, அது நம் வகுப்புக் கணிதத்திலேயே இருக்கிறது. 1979இல் ஆதி ஷமீர் என்னும் இஸ்ரேலியக் கணித அறிஞர் சொன்ன வழி இது. ஒரு தாய்க்கு மூன்று மகள்கள். தாயின் இரகசிய எண் 7 என்க. அவர் y = 2x + 7 என்ற நேர்கோட்டை மனத்தில் வைத்துக்கொள்கிறார். மூத்தவளுக்கு (1, 9) என்ற புள்ளியையும், அடுத்தவளுக்கு (2, 11), இளையவளுக்கு (3, 13) ஆகியவற்றையும் எழுதிக் கொடுக்கிறார். மூத்தவள் தனியே தன் புள்ளியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை. ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் செல்லும், இரகசியம் எந்த எண்ணாகவும் இருக்கலாம். யாரேனும் இருவர் ஒன்று சேர்ந்தால் ஒரே கோடுதான்; அது y அச்சை வெட்டும் இடம் 7. ஒருத்தியின் சீட்டு தொலைந்தாலும் குற்றமில்லை, மற்ற இருவர் போதும். ஒருத்தி பேராசைப்பட்டாலும் ஆபத்தில்லை. நேர்கோட்டுக்குப் பதில் பரவளையம் வரைந்தால் மூவர் கூட வேண்டியிருக்கும். நடைமுறையில் மிகப் பெரிய எண்களையும் வகுத்தால் வரும் மீதியையும் கொண்டு இதைச் செய்கிறார்கள், கருத்து இதுவே.

ஆப்பிள் தன் ஏற்பாட்டில் சேருமுன், நம்பிக்கைக்குரிய ஒருவரை மீட்புத் துணையாகக் குறிப்பிட வேண்டும், அல்லது மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் இந்தக் கவலையால்தான். எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், முதல் கோப்பை ஏற்றுமுன் அந்த மீட்புத் தொடரைக் காகிதத்தில் எழுதி, ஒரு பிரதியை வீட்டு அலமாரியிலும் இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உடன்பிறந்தவரிடமும் வைத்துவிடுவது நல்லது. அந்தக் காகிதத்தைப் படமெடுத்து அதே பெட்டகத்துக்குள் வைத்துவிடாதீர்கள்; பெட்டகம் பூட்டிக்கொண்டால் அந்தப் படமும் உள்ளேதான் இருக்கும்.